தொற்றுக் காலத்தில் படகுச் சவாரிக்கு ஏன் தடை? ஓர் எளிய விளக்கம்

குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் போய்வருகிறவர்களுக்குத் தடை ஒன்றும் புதிதல்ல. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் குளித்துக்கொண்டிருப்பவர்களைக் காவலர்கள் வெளியேற்றிவிடுவார்கள். வேகம் தணிந்ததும் மறுபடி அனுமதிப்பார்கள். அந்தத் தடைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை, ஏனென்றால் காரணம் கண்ணெதிரே இரைந்துகொண்டிருக்கிறது. ஆனால் கொரோனா பரவிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் சாரல் பருவத்திலும் அருவிகள் மட்டுமல்லாமல், ஐந்தருவி சாலையில் வெண்ணமடைக் குளத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் படகு குழாமும் மூடிக் கிடந்தபோது, குளத்தில் அலையும் இல்லை, சுழலும் இல்லை. ஆளில்லாத குளத்தில், திறந்த வெளியில், வீட்டு ஆட்கள் நான்கு பேர் ஒரு மிதி படகில் போய்வந்தால் யாருக்கு என்ன கெடுதல் என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான விடையைக் குளத்துக்குள் தேடினால் கிடைக்காது. பெரும்பாலும் அது கரையிலும், சாலையிலும், மருத்துவமனையிலும் இருக்கிறது.

முதலில் பொது சுகாதார அவசரநிலை என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஒரு நோய் வழக்கமான அளவை மீறிப் பரவி, மருத்துவமனைகளும் சுகாதாரத் துறையும் அன்றாட ஏற்பாடுகளைக் கொண்டு சமாளிக்க முடியாத கட்டத்தை எட்டும்போது, அல்லது எட்டிவிடும் என்று தெரியும்போது, அரசு சிறப்பு அதிகாரங்களைப் பயன்படுத்தும் காலமே இது. உலக சுகாதார அமைப்பு கொரோனாவைச் சர்வதேச அக்கறைக்குரிய பொது சுகாதார அவசரநிலையாக 2020 ஜனவரி 30 அன்று அறிவித்து, 2023 மே 5 அன்று அதை முடித்துவைத்தது. ஆனால் அந்த அறிவிப்பு நம் ஊர்க் குளத்தில் ஒரு படகைக்கூடத் தானாக நிறுத்திவிடாது. நிறுத்துவதற்கு நம் நாட்டுச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணை வேண்டும். அந்த ஆணையை யார் போடுகிறார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்தது, பொழுதுபோக்குப் படகு எது என்ற வரையறை. படகின் உருவத்தைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. அது எதற்காகத் தண்ணீரில் இறங்குகிறது என்பதே கணக்கு. திருநெல்வேலி மாவட்டத்தில், பாபநாசத்துக்கு மேலே மலையில் இருக்கும் காரையாறு அணையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் சுற்றுலாப் பயணிகள் அங்கே படகேறிப் பாணதீர்த்தம் அருவிக்குப் போய்வந்தார்கள். தொற்றுக் காலத்துக்கு வெகுமுன்பே அந்தச் சவாரி பாதுகாப்புக் காரணங்களுக்காக நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அதே அணையின் நீர்ப்பரப்புக்கு அப்பால் இஞ்சிக்குழியில் குடியிருக்கும் காணிப் பழங்குடி மக்களுக்குப் படகு என்பது ரேஷன் அரிசியும் மருந்தும் வந்துசேரும் வழி. ஒரே தண்ணீர், ஏறத்தாழ ஒரே மாதிரிப் படகு. ஒன்று பொழுதுபோக்கு, மற்றொன்று போக்குவரத்து. நல்ல ஆணை இந்த இரண்டையும் ஒரே வரியில் அடக்கிவிடாது.

கடற்கரைக்குப் போனால் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். உவரி, இடிந்தகரை, கூத்தன்குழி, கூட்டப்புளி ஆகிய ஊர்களின் வள்ளங்களும் பைபர் படகுகளும் பிழைப்புக்காகக் கடலுக்குப் போகின்றவை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது கடல் தொழிலும் நின்றுபோனது. ஆனால் ஏப்ரல் 10 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் மீன்பிடித் தொழிலுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு அளித்தது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நடைமுறையில் இருக்கும் மீன்பிடித் தடைக்காலத்தைக்கூட அந்த ஆண்டு மே 31 வரை என்று 47 நாளாகச் சுருக்கினார்கள். மீன்வளத்தைக் காக்கும் தடையையே தொழிலாளியின் வயிற்றுப்பாட்டுக்காகச் சுருக்கிய அதே காலத்தில், சுற்றுலாப் படகுகள் மாதக்கணக்கில் கரையில் கிடந்தன. உணவும் பிழைப்பும் முதலில், உல்லாசம் பிறகு என்ற வரிசை இதிலிருந்து புலப்படுகிறது. இதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் உல்லாசப் படகைக் கட்டிப் போட்டால் அதை ஓட்டியவனுடைய பிழைப்பும் சேர்ந்தே கட்டுண்டு போகிறது என்பதை அந்த வரிசையைப் போட்டவர்கள் போதிய அளவு நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனிக் காரணங்களுக்கு வருவோம். நான்கு பேர் அமரும் மிதி படகில் முன்னால் இருவர் மிதிக்க, பின்னால் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். இருவருக்கு நடுவே ஒரு முழம்கூட இடைவெளி இராது. காற்றுவழி பரவும் நோய்க் காலத்தில் சொல்லப்பட்ட 2 மீட்டர் இடைவெளியை அந்தப் படகின் நீளத்துக்குள்ளேயே கண்டுபிடிப்பது கடினம். ஒரே வீட்டார் ஒன்றாகப் போனால் இது பெரிய சிக்கல் இல்லைதான். வீட்டில் இல்லாத நெருக்கம் படகில் புதிதாக வந்துவிடாது. துடுப்புப் படகு என்றால் நிலைமை வேறு. அதில் துடுப்புப் போடுகிற பணியாளர் காலை முதல் மாலை வரை ஒரு குடும்பம் மாற்றி ஒரு குடும்பமாக எல்லோருக்கும் எதிரில் முகம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். சவாரிக்கு வருகிறவருக்கு அது ஒரு தடவை. அவருக்கு அது நாள் முழுவதும்.

உயிர்காப்பு உடையைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் படகில் ஏற்றக் கூடாது என்பது சாதாரணக் காலத்தின் முதல் விதி. ஆனால் அதன் கழுத்துப் பட்டை தாடைக்கும் வாய்க்கும் அருகில் வந்து நிற்கிறது. ஒருவர் கழற்றிக் கொடுத்த ஈரம் காய்வதற்குள் அடுத்தவர் மாட்டிக்கொள்கிறார். கொரோனா பெரும்பாலும் பொருள்களைத் தொடுவதால் பரவவில்லை, மூச்சுக் காற்று வழியாகவே பரவியது என்பது பின்னால் தெளிவாயிற்று. ஆனால் 2020இன் தொடக்கத்தில் அது தெரியாது. நாளை வரப்போகும் வேறொரு நோயில் தொடுதலே முக்கிய வழியாக இருக்கவும் கூடும். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் உடைகளைக் கிருமிநீக்கம் செய்து உலர்த்துவதற்கு ஆளும் நேரமும் இல்லாத இடத்தில், உடை இல்லாமல் படகு விடுவதைவிடப் படகே விடாமல் இருப்பதுதான் அறிவு. நீரில் மூழ்கும் ஆபத்தை ஏற்றுக்கொண்டு நோய் ஆபத்தைக் குறைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

இவற்றைவிடப் பெரிய காரணம் கரையில் இருக்கிறது. சீட்டு வாங்கும் வரிசை, படகு திரும்பும்வரை நிற்கும் கூட்டம், பஜ்ஜிக் கடை, மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும் தள்ளுவண்டி, கழிப்பறை, வாகன நிறுத்தம் என்று ஒரு படகு குழாமைச் சுற்றி இத்தனை கூடுகைகள் இருக்கின்றன. படகில் அரை மணி நேரம் இருக்கிறவர் கரையில் ஒரு மணி நேரம் இருக்கிறார். அதற்கும் முன்னால் அவர் வீட்டிலிருந்து பேருந்திலோ வேனிலோ கிளம்பி, வழியில் சாப்பிட்டு, விடுதியில் தங்கி வந்திருக்கிறார். மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வருகிற கூட்டம் ஒரே குளத்தங்கரையில் கலந்து, மறுநாள் அவரவர் ஊருக்குத் திரும்புகிறது. தமிழ்நாட்டில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக 2020 ஆகஸ்ட் இறுதி வரை இ-பாஸ் கட்டாயமாக இருந்தது நினைவிருக்கலாம். பயணத்தையே அடக்க முயன்றுகொண்டிருந்த அரசு, பயணத்துக்கு ஆசை காட்டும் இடங்களைத் திறந்து வைத்திருக்க முடியாது.

கடைசிக் காரணம் மீட்பு. படகு கவிழ்ந்தால் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையினர் வர வேண்டும், 108 வண்டி வர வேண்டும், மருத்துவமனையில் ஒரு படுக்கை வேண்டும். தொற்று உச்சத்தில் இருக்கும் வாரத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி எனப்படும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நெல்லையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் மூச்சுத் திணறலோடு ஆட்கள் வந்துகொண்டிருக்கும்போது, தவிர்த்திருக்கக்கூடிய ஒரு விபத்து அந்த வரிசையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நியூசிலாந்து இந்தக் காரணத்தை மறைக்காமல் சொன்னது. 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய நான்காம் நிலை என்ற மிகக் கடுமையான கட்டுப்பாட்டின்போது, நீச்சல், அலைச்சறுக்கு, படகு உள்ளிட்ட நீர் விளையாட்டுகளையும், மீட்புப் பணியாளரைக் கூப்பிட நேரிடும் பிற செயல்களையும் அந்நாடு ஆணையிட்டு நிறுத்தியது. தனியாகப் படகில் போகிறவர் யாருக்கும் நோயைக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அவர் சிக்கிக்கொண்டால் போய்த் தூக்குகிறவர்கள் நான்கு பேர் என்பதுதான் அதன் தருக்கம்.

எல்லா ஆணைகளும் இவ்வளவு தெளிவாக அமைந்துவிடவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2020 ஏப்ரல் 9 அன்று போட்ட ஆணையின்படி விசைப்படகு ஓட்டக் கூடாது. ஆனால் துடுப்புப் படகும் பாய்மரப் படகும் ஓட்டலாம். எந்திரம் பொருத்தியிருப்பதால் கிருமி கூடுதலாகப் பரவுமா என்று மக்கள் கேட்டதில் வியப்பில்லை. எரிபொருள் நிலையத்திலும் படகு இறக்கும் துறையிலும் கூட்டம் சேர்வதைக் குறைப்பதே அதற்குப் பின்னால் இருந்த எண்ணம் என்றாலும், ஆணையின் சொற்களில் அது மக்களுக்குப் புரியும்படி வரவில்லை. எதிர்ப்பு வலுத்து, ஏப்ரல் 24 அன்று வெளியான புதிய ஆணை விசைப்படகுகளுக்கு மறுபடி இடம் கொடுத்தது. கரையில் கூடும் கூட்டம்தான் அச்சம் என்றால் கரையைப் பற்றித்தான் விதி எழுத வேண்டும். படகின் வகையைப் பிடித்துக்கொண்டு எழுதிய விதி இரண்டு வாரத்தில் தள்ளாடிவிட்டது.

மேலே சொன்னதெல்லாம் காற்றுவழி நோய்க்குப் பொருந்தும். நோய் மாறினால் தடையின் காரணமும் மாறும், உருவமும் மாறும். புதிதாக இதைப் படிப்பவர்கள் தவறவிடக்கூடிய இடம் இது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பேய்மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று, தாமிரபரணி கரைபுரண்டது. அப்படி ஒரு வெள்ளம் வடிந்த பிறகு குளங்களில் தேங்கியிருக்கும் தண்ணீரில் சாக்கடையும் கால்நடைக் கழிவும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் நோயின் கிருமி, நோயுற்ற எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் வழியே தண்ணீரில் சேர்ந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் புகக்கூடியது. மிதி படகில் ஏறி இறங்கும்போது கணுக்கால் நனையாமல் போவது அபூர்வம். காலரா, வயிற்றுப்போக்குக் காலத்தில் வாய்க்குள் தெறிக்கும் தண்ணீரே போதும். இப்படிப்பட்ட சமயத்தில் இடைவெளி விட்டு நிற்பதாலோ முகக்கவசம் போடுவதாலோ எந்தப் பயனும் இல்லை. தண்ணீரைத் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு. காற்றுவழி நோயில் திறந்த வெளி நமக்குத் துணை நிற்கிறது. நீர்வழி நோயில் அது உதவாது. ஆகவே "கொரோனா காலத்தில் இப்படிச் செய்தார்களே" என்று பழைய ஆணையை எடுத்து அப்படியே ஒட்டுவது பயன் தராது.

படகை நிறுத்திவைப்பதாலேயே ஒரு நோய்க்கு இடம் கொடுக்கவும் முடியும் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். கரையேற்றிய மிதி படகின் கால் வைக்கும் பள்ளத்தில் மழைநீர் தேங்கினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது முட்டையிட வாகான தொட்டி. மூடச் சொல்லும் ஆணையோடு, படகுகளைக் கவிழ்த்து வையுங்கள் அல்லது தார்ப்பாய் போட்டு மூடுங்கள் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தால் நன்றாக இருக்கும்.

யார் ஆணையிடலாம்?

நோய்க்காக மக்களையும் கலங்களையும் நிறுத்துவது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. தூத்துக்குடி பழைய திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த நாளில், அங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறப் போன கூலித் தொழிலாளர்களைத் தட்டப்பாறை முகாமில் தங்கவைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே அனுப்பினார்கள். பின்னாளில் அந்த வேலை ராமேசுவரத்துக்கு அருகில் மண்டபம் என்ற ஊரில் இருந்த முகாமுக்குப் போனது. பம்பாயில் 1896இல் பிளேக் பரவியதைத் தொடர்ந்து, 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. மிகச் சிறிய சட்டம் அது. சாதாரணச் சட்டங்கள் போதவில்லை என்று மாநில அரசு கருதினால், மக்கள் கடைப்பிடிக்க வேண்டிய தற்காலிக விதிகளை வகுக்க அதன் 2ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது; துறைமுகத்துக்கு வரும், துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல்களைச் சோதிக்க 2ஏ பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. இதோடு 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டுக்கென்று இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியரே தலைவர். பாதிப்புக்குள்ளான பகுதிக்குள் ஆட்கள் நுழைவதையும் நடமாடுவதையும் வாகனங்கள் வந்துபோவதையும் கட்டுப்படுத்த அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. முன்பு 144 தடை உத்தரவு என்று நாம் பழகிய ஏற்பாடு, 2024 ஜூலை 1 முதல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவாகிவிட்டது. அந்த வகை உத்தரவு இரண்டு மாதத்துக்குமேல் தானாக நீடிக்காது. நீட்டிக்க வேண்டுமானால் மாநில அரசு தனியாக ஆணையிட வேண்டும்.

அரசமைப்புச் சட்டம் நாடெங்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை 19ஆம் பிரிவில் தருகிறது. பொதுநலனை முன்னிட்டு அதன்மீது நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. நியாயமான என்ற அந்த ஒரு சொல்லில்தான் மொத்த வழக்கும் தொங்குகிறது. நோயின் அளவுக்கு ஏற்ற தடையா, வேறு இலகுவான வழி இருந்ததா, காலவரை உண்டா என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாத ஆணை நீதிமன்றத்தில் நெடுநாள் நிற்காது.

நடைமுறையில் குழப்பம் வருவது, ஒரு நீர்நிலைக்குப் பல துறைகள் பொறுப்பாக இருப்பதால்தான். அணை நீர்வளத் துறையுடையது. காரையாறும் அதைச் சுற்றியுள்ள காடும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருவதால், முண்டந்துறைச் சாலையில் யார் போகலாம் என்று சொல்கிறவர்கள் வனத் துறையினர். அவர்களுக்கு மனிதரைத் தவிர இன்னொரு கவலையும் உண்டு: நியூயார்க் உயிரியல் பூங்காவில் ஒரு புலிக்குக் கொரோனா இருந்தது தெரியவந்தவுடன், 2020 ஏப்ரல் 6 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், சரணாலயங்களில் மனிதரும் விலங்கும் நெருங்குவதைக் குறைக்கும்படி மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அந்த ஆண்டு காட்டுக்குள் போக முடியாமல் திரும்பியவர்கள் தங்களைக் காப்பதற்காகத்தான் தடுத்தார்கள் என்று நினைத்திருப்பார்கள். அவர்களிடமிருந்து புலியைக் காப்பதும் ஒரு காரணம். குற்றாலமோ 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். எனவே திருநெல்வேலி ஆட்சியர் போட்ட ஆணை பாபநாசத்துக்குப் பொருந்தும், வெண்ணமடைக் குளத்துக்குப் பொருந்தாது. இரண்டையும் நெல்லை என்றே சொல்லிப் பழகியவர்கள், வாட்ஸ்அப்பில் வந்த ஆணையை நம்பி வண்டி கட்டிக்கொண்டு போய் ஏமாறுவது இதனால்தான்.

ஆணை கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது தேதியும் எல்லையும். பிறகு, "சுற்றுலாத் தலங்கள்" என்று பொதுவாகச் சொல்கிறதா, "படகு இயக்கம்" என்று தனியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவது என்றால் சொந்தப் படகு வைத்திருப்பவருக்கு அது நேரடியாகப் பொருந்தாமலும் போகலாம், ஆனால் அங்கே போய்ச்சேரும் பயணத்துக்கு வேறு தடை இருக்கக்கூடும். விலக்குகள் பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும். அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த ஆணையை மீறினால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ 2,500 ரூபாய் வரை அபராதமோ கிடைக்கலாம். அந்த மீறல் பிறர் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து விளைவித்தால் அது ஓராண்டு, 5,000 ரூபாய் என்று உயரும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51ஆம் பிரிவிலும் ஓராண்டு வரை தண்டனை உண்டு.

மறுபடி திறப்பது ஒரே நாளில் நடப்பதில்லை. பொதுவாக முதலில் ஒரு வீட்டாருக்கு ஒரு படகு என்றோ, பாதி இருக்கைகள் மட்டும் என்றோ அனுமதிப்பார்கள். சீட்டில் நேரம் குறித்துக் கொடுத்தால் கரையில் கூட்டம் சேராது. கைப்பிடியையும் இருக்கையையும் சவாரிக்குச் சவாரி 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைக்கச் சொல்வார்கள். உலோகப் பாகங்களில் அதை அப்படியே காயவிட்டால் அரித்துவிடும் என்பதால் சற்று நேரம் கழித்து நல்ல தண்ணீரால் துடைத்துவிட வேண்டும்.

அனுமதி வந்த அன்றே படகைத் தண்ணீரில் தள்ளுவது மட்டும் தவறு. இரண்டு பருவம் வெயிலிலும் சாரலிலும் கிடந்த படகின் பைபர் உடலில் மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும். மிதிச் சங்கிலி துருப்பிடித்திருக்கும். சுக்கான் கம்பி இறுகியிருக்கும். லைஃப் ஜாக்கெட்டின் துணி வெளிறியிருந்தால் விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். கிழிந்தால் உள்ளே இருக்கும் நுரைப் பலகையையும் நம்ப முடியாது. கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஆளில்லாமல் ஒருமுறை, பணியாளரோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே சீட்டுக் கொடுக்கத் தொடங்க வேண்டும்.